வெடிமேட்டுச் சரித்திரம்

அரிசி மில் நஷ்டத்தில் மூடிப்போன பிறகு அந்தக் கட்டடத்தையே கல்லூரியாக்கிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், புளியமர வரிசை முடிகிற இடத்தில் இருந்தது அது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கரும்பலகை மாட்டினார்கள். தவிட்டு வாசனையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழை பெய்து சுவர் ஊறினால் பி.ஏ. சரித்திர வகுப்பில் புழுங்கல் நெல் வேகிற மணம் அடிக்கும்.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த யாரும் சரித்திரம் படிக்க ஆசைப்பட்டு வந்தவர்களில்லை. கெமிஸ்ட்ரி கேட்டுக் கிடைக்காதவர்கள், காமர்ஸ் கேட்டுக் கிடைக்காதவர்கள், கடைசியில் ஏதோ ஒரு டிகிரி என்று வந்து ஒதுங்கியவர்கள். மற்ற வகுப்புப் பையன்கள் அவர்களை "மிச்சம் மீதி" என்று கூப்பிட்டார்கள். அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை.

கங்கா அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. படப்பைக்காரி. அவர்கள் குடும்பத்தில் எம்.ஏ. வரை போன முதல் ஆள். பல்கலைக்கழகத்தில் நல்ல மார்க்குதான். ஆனால் அதை எப்படி வாங்கினாள் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பித்தாள், பரீட்சை முடிந்த மறுவாரம் எல்லாம் மறந்துபோனது.

முதல் நாள் துறைத்தலைவர் நரசிம்மன் ஒரு தடித்த கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதை டிக்டேட் பண்ணிடும்மா. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதைத்தான் சொல்லிட்டு வர்றேன். கேள்வியும் இதுலேருந்துதான் வருது. பசங்க எழுதிப்பாங்க, மனப்பாடம் பண்ணிப்பாங்க, பாஸ் பண்ணிடுவாங்க. உனக்கும் தொண்டைத் தண்ணி மிச்சம்."

கெட்ட மனுஷரில்லை நரசிம்மன். பிள்ளைகள் தேறவேண்டும் என்ற கவலை அவருக்கு நிஜமாகவே இருந்தது. கங்காவும் அவர் சொன்னபடியே சில வாரம் நடத்தினாள். அவள் சொல்வாள், அவர்கள் எழுதுவார்கள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துச் சொல்லவேண்டும். வகுப்பில் பேனா உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. அது நல்ல வகுப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஒருநாள் மைசூர்ப் போர்களுக்கு வந்தாள். "காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூரில், ஆயிரத்து எழுநூற்று எண்பதில், கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தற்செயலாகத் தீப்பற்றியதால் ஆங்கிலேயர் படை தோல்வியுற்றது. முற்றுப்புள்ளி."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. நெல்லித்தாங்கல் ரகுபதி. மண்ணூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம்.

"தற்செயலாவா மேடம்?"

"ஆமா. எழுதிக்கோ."

"எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க மேடம். வண்டிய கொளுத்தினது எங்க ஊரு எல்லப்பன். எங்க வெடிமேட்டுலதான் நடந்துது. அதனாலதான் அதுக்குப் பேரே வெடிமேடு."

வகுப்பு சிரித்தது. ரகுபதிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாடா சிரிப்பு? மேடம், இந்த நோட்ஸ எய்தினவரு மட்டும் அங்க நின்னு பாத்தாரா?"

உட்கார் என்ற சொல் கங்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுடைய வாத்தியார்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு? எழுதினவர் நரசிம்மன். நரசிம்மன் ஒரு பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார். பாடப்புத்தகக்காரர் எதைப் பார்த்தார்? ஐந்து வருஷம் சரித்திரம் படித்த அவளுக்கு இது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

"எனக்குத் தெரியலை ரகுபதி," என்றாள். "பாத்துட்டு வந்து சொல்றேன்."

ஒரு வாத்தியார் தெரியலை என்று சொன்னது அந்த வகுப்புக்குப் புதுசு. சிரிப்பு நின்றுபோனது.

சனிக்கிழமை பஸ் பிடித்து மெட்ராஸ் போனாள். பல்கலைக்கழக நூலகத்தில் அந்தச் சண்டையைப் பற்றி என்னவெல்லாம் இருக்கிறதோ எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு வியர்த்தது. ஒருவர் வண்டிகள் தானாக வெடித்தன என்கிறார். ஒருவர் மைசூர்ப் பீரங்கி குறிபார்த்து அடித்தது என்கிறார். இன்னொருவர் வண்டியைப் பற்றியே அதிகம் பேசவில்லை, காஞ்சிபுரத்தில் இருந்த பெரிய படை உதவிக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டதுதான் காரணம் என்று கொதிக்கிறார். ஒரே நாள், ஒரே சண்டை. இவ்வளவையும் அரைத்து ஒரு வரியாக்கி, முற்றுப்புள்ளி வைத்து, பிள்ளைகள் தலையில் இறக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு கூடவே, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஒரு குஷியும் வந்தது.

நான்கு பேர் எழுதியதிலிருந்து ஒவ்வொரு பக்கம் தமிழாக்கினாள். கல்லூரி ஆபீஸில் கெஞ்சி சைக்ளோஸ்டைல் போட்டாள். எழுதியவர் பெயரை மட்டும் போடவில்லை. திங்கட்கிழமை பெஞ்சுக்கு ஒரு கட்டாகக் கொடுத்தாள்.

"இதுல யார் எந்தப் பக்கத்து ஆளு, சண்டை நடக்கும்போது எங்க நின்னுகிட்டு இருந்தாரு, யாரு படிக்கணும்னு இதை எழுதினாரு? கண்டுபிடிங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

முதலில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாரோ, "மேடம், பதில் எப்ப சொல்வீங்க, எழுதிக்கணும்," என்றான். கங்கா ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். பேசாமல் இருப்பது பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வாய் திறந்தது சரோஜா. மண்ணூரில் கல் உடைக்கிறவரின் மகள். வருகைப் பதிவுக்குத் தவிர அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"மூணாவது தாளுக்காரரு சண்டையிலயே இல்ல மேடம்."

"எப்படிச் சொல்ற?"

"சத்தம் கேட்டுது, சத்தம் கேட்டுதுன்னே எழுதறாரு. எதையுமே கண்ணால பாத்ததா எழுதல. புகை தெரிஞ்சுதுன்றாரு. தூரமா இருந்தாத்தானே புகை மட்டும் தெரியும்? அப்புறம், நாங்க போயிருந்தாலும் லேட்டாயிருக்கும்னு ரெண்டு தடவ சொல்றாரு. யாரும் கேக்காதப்பவே சொல்றாரு."

அது காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துவிட்ட படையைச் சேர்ந்தவர் எழுதியது. கங்காவே அதை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. ஒரு பெஞ்சு இன்னொரு பெஞ்சோடு மல்லுக்கு நின்றது. தாளைத் தூக்கிக்கொண்டு வந்து வரியைக் காட்டிச் சண்டை போட்டார்கள். நரசிம்மன் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, மில்லு மறுபடியும் ஓட ஆரம்பிச்சிடுச்சா?"

வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார். "எனக்கும் உன் வயசுல இதெல்லாம் ஆசைதான். ஆனா பரீட்சைத்தாள் இங்க தயாராகறதில்ல, மெட்ராஸ்ல தயாராகுது. போர்ஷன் முடியலைன்னா மாட்டிக்கப் போறது இந்தப் பசங்க. இதுங்க வூட்ல ரெண்டாந்தரம் பீஸ் கட்ட யாராலயும் முடியாது. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அவர் சொன்னது சரியான பேச்சு என்பதால் அது அவளை உறுத்தியது. பாடத்தை எதையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் முடிச்சு எங்கே என்று தேடி, அந்த முடிச்சை அவர்கள் கையில் கொடுத்தாள். அவிழ்க்கப் பார்க்கும்போது தேதியும் பெயரும் தானாக மனசில் ஒட்டிக்கொண்டன. எதற்கு என்று தெரிந்த தேதியை யாரும் மறப்பதில்லை. சனிக்கிழமைகளில் மட்டும், பரீட்சையில் எப்படிச் சுருக்கி எழுதுவது என்று பழக்கினாள்.

அடுத்த ஜூனில் இரண்டாம் வருஷ ரிசல்ட் வந்தபோது, மிச்சம் மீதி வகுப்பில் இரண்டு பேர் தவிர எல்லாரும் தேறியிருந்தார்கள். காமர்ஸ்காரர்களைவிட நல்ல தேர்ச்சி. நரசிம்மன் அந்தத் தாளை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மறுநாள் கங்கா மேசையில் ஒரு அழைப்பை வைத்தார். மெட்ராஸில் ஒரு பெரிய கல்லூரியில் மாணவர் சரித்திர மாநாடு. மாணவர்களே ஆராய்ந்து கட்டுரை வாசிக்கவேண்டும்.

"நம்ம காலேஜ்லேருந்து இதுக்கு யாரும் போனதில்ல. கூட்டிட்டுப் போ. நானும் வர்றேன்."

யார், எதைப் பற்றி என்ற கேள்விக்கே இடமில்லாமல் ரகுபதி எழுந்து நின்றான். "எல்லப்பன், மேடம். இந்தத் தடவ ஆதாரத்தோட சொல்லிக் காட்டறேன்."

ரகுபதியின் அப்பா கோதண்டம் நெல்லித்தாங்கல் பஞ்சாயத்துத் தலைவர். தங்கள் ஊர் வீரனைப் பற்றி மகன் மெட்ராஸில் பேசப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் அவர் கால் தரையில் பாவவில்லை. மாநாட்டுக்கு ஊரையே கூட்டிக்கொண்டு போக லாரி பேசிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்கா வகுப்பை வெடிமேட்டுக்கு அழைத்துப் போனாள். கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு பாறைத் திட்டு. ரகுபதி முன்னால் நடந்து, இங்கேதான் வண்டி நின்றது, இங்கேதான் எல்லப்பன் பந்தத்தோடு ஒளிந்திருந்தான் என்று காட்டிக்கொண்டே போனான். சரோஜா பாறைச் சரிவில் குனிந்து விரலால் எதையோ தடவினாள். வரிசையாக, பாதி வெட்டின குழாய் மாதிரி, மேலிருந்து கீழே இறங்கும் பள்ளங்கள்.

"ரகு, இங்க வா. இது மருந்து போட்ட குழி. எங்கப்பா வேலை செய்யற எடத்துல இதே மாரிதான் இருக்கும். குழி போட்டு, மருந்து கெட்டிச்சு, பாறைய ஒடைப்பாங்க. அதுக்குத்தான் வெடிமேடுன்னு பேரு வந்திருக்கும்."

"யாராவது பின்னாடி வந்து ஒடைச்சிருப்பாங்க. அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"இருக்கலாம்," என்றாள் கங்கா. "அப்படின்னா எல்லப்பனுக்கு வேற என்ன சாட்சி கீழே கிடக்குதுன்னு பாரு."

அவன் பார்த்தான். வாரக்கணக்கில் பார்த்தான். நான்கு தாள்களும் வண்டி வெடித்தது புள்ளலூரில் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. புள்ளலூர் எங்கே, நெல்லித்தாங்கல் எங்கே? வெடிமருந்து வண்டி அத்தனை தூரம் வழி தவறி வந்திருக்க முடியாது. ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டான். எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கேட்டீர்கள் என்றால்தான் தடுமாறினார்கள். கடைசியாக ஆர்மோனியக்காரர் முனிரத்தினத்திடம் போனான்.

"எல்லப்பன் கதையா? நம்ம நாடகத்துல வர்றதாச்சே!" என்றார் அவர். "சுதந்திரம் வந்தப்ப ஊர்ல போட்டோம். நான்தான் பெட்டி வாசிச்சேன்."

"அதுக்கு முன்னாடி அந்த மேட்டப் பத்தி இன்னா சொல்வாங்க?"

"பேய் கீதுன்னு சொல்வாங்க. வேற இன்னா?"

"எல்லப்பனா யாரு நடிச்சது?"

முனிரத்தினம் சிரித்தார். "உங்க நைனாவப் போய்க் கேளு, சொல்வாரு."

ரகுபதி கேட்கவில்லை. கேட்டால், தான் மெட்ராஸில் என்ன பேசப் போகிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் கல்லூரிக்கு வந்து கங்கா முன்னால் நின்றான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"மேடம், நான் வேற தலைப்பு எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ. தப்பில்ல."

"லாரியெல்லாம் பேசிட்டாரு மேடம். அத்தினி பேர் எதிர்ல நின்னு, நம்ம ஊர் கதை பொய்னு எப்படிச் சொல்வேன்? இன்னா பேசறதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"நான் சொன்னா நீ என் பேச்சைப் பேசுவ. அதுக்கு சாரோட நோட்ஸே போதுமே."

அவன் போன பிறகு கங்கா வெறும் வகுப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுப் பையனுக்கும் அவன் ஊருக்கும் நடுவில் கத்தியைக் கொண்டுபோய் வைத்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது. தலைப்பை மாற்றிக்கொள்வான் என்றுதான் நினைத்தாள். அவன் மாற்றவில்லை.

மாநாட்டு மண்டபத்தில் மின்விசிறிகள் உயரத்தில் சுற்றின. முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் நகரத்து மாணவர்கள், பின்னால் மிச்சம் மீதி வகுப்பும் நெல்லித்தாங்கல் ஊரும். கோதண்டம் கஞ்சி போட்ட சட்டையோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ரோஜா மாலை.

ரகுபதி முதலில் கதையை ஊரில் சொல்கிறபடியே சொன்னான். நன்றாகச் சொன்னான். எல்லப்பன் பந்தத்தை வீசுகிற இடத்தில் பின்வரிசை விசிலடித்தது. விசில் அடங்கும்வரை காத்திருந்தான்.

"இது நடக்கலை," என்றான்.

பாறையில் இருந்த குழிகள், தூரம், நான்கு தாள்கள், பேய்க் கதை, சுதந்திர வருஷத்து நாடகம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். எதையும் விழுங்கவில்லை. கங்கா திரும்பிப் பார்த்தாள். கோதண்டம் மாலையை இறுகப் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார்.

நகரத்து விரிவுரையாளர் ஒருவர் எழுந்தார். "அப்போ உங்க கட்டுரையில மிச்சம் என்ன தம்பி? நடக்காத ஒண்ணைப் பத்தி நடக்கலைன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

சிலர் சிரித்தார்கள். கங்காவுக்கு எழுந்து பதில் சொல்லவேண்டும் போலிருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லப்பன் எழுநூத்து எண்பதுல இல்லீங்க," என்றான் ரகுபதி. "நாப்பத்தேழுல இருந்தாரு. அந்த வருஷம் எங்க ஊருக்கு அவர் தேவைப்பட்டிருக்காரு. பேய் மேட்டுக்கு ஒரு வீரன் எதுக்கு வேணும்னு நெனச்சாங்க? அதான் என் கேள்வி. புள்ளலூர் சண்டைய பாத்தவங்க யாரையும் நம்மால இனிமே கேக்க முடியாது. இதை உண்டாக்கினவங்க இன்னும் உசுரோட இருக்காங்க. இவங்களைக் கேக்கலாம்."

தலைமை தாங்கிய பேராசிரியர் அம்மா நரைத்த தலையை நிமிர்த்தினார். "அந்த நாடகத்துல நடிச்சவங்களை நீங்க கேட்டீங்களா?"

"இல்ல மேடம். கேக்க பயமா இருந்துது."

அப்போதுதான் பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கோதண்டம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மாலை கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்னக் கேளு," என்றார் மகனைப் பார்த்து. "நான்தாண்டா எல்லப்பன் வேஷம் கட்டினேன்."

மண்டபமே திரும்பியது. பேராசிரியர் அம்மா மேடையிலிருந்து இறங்கி, தானே ஒரு நாற்காலியை இழுத்து முன்னால் போட்டார். "இங்க வந்து உட்காருங்க ஐயா. சொல்லுங்க."

கோதண்டம் வந்தார், உட்காரவில்லை. "நாடகம் எய்தினது எங்க ஊர் வாத்தியாரு. அவர் எய்தினதுல எல்லப்பன் கொளுத்திட்டு ஓடிப் பூடுவான். நான்தான் ஒத்துக்கல. சாகணும் சார், செத்தாத்தான் ஜனம் அழும்னு சொன்னேன். வண்டியோட சேந்து செத்தேன். ஊரே அழுதுது."

சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அதில் குத்தல் இல்லை.

"எதுக்காக அப்படி ஒரு கதை?" என்று கேட்டார் அந்த அம்மா.

கோதண்டம் கொஞ்சம் யோசித்தார். "மெட்ராஸ்ல கொடி ஏத்தினாங்க. காஞ்சிபுரத்துல ஏத்தினாங்க. எங்க ஊர்லேருந்து ஜெயிலுக்குப் போனவன்னு ஒருத்தன் கெடையாதும்மா. வெள்ளக்காரனயே யாரும் கண்ணால பாத்தது இல்ல. நாளைக்கு எங்க புள்ளைங்க, நீங்க இன்னா பண்ணீங்கன்னு கேட்டா இன்னா சொல்றது? ஒரு ஆளாவது வேணும்னு தோணிச்சு. மேட்டுக்குப் பேரு ரெடியா இருந்துது." நிறுத்தி, மகனைப் பார்த்தார். "சொல்லிச் சொல்லி எனக்கே நெசம்னு ஆயிப்போச்சு. இவன் சொல்றப்பதான், மூஞ்சில அரிதாரம் பூசினது நெனப்பு வந்துது."

கைதட்டல் முன்வரிசையிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போனது. ரகுபதி மேடையிலிருந்து இறங்கி வந்தான். அப்பாவின் அருகில் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். கோதண்டம் அவன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டுப் பின்வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பாத்தீங்களாய்யா? இத்தினி பேர் எதிர்ல, பெத்த அப்பன் உக்காந்துகினு இருக்கறப்ப, நடக்கலன்னு சொன்னான் பாரு. இவன்தான் என் புள்ள!"

முதல் பரிசு நகரத்துக் கல்லூரி ஒன்றுக்குப் போனது. அதைப் பற்றி நெல்லித்தாங்கல்காரர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெளியே வரும்போது பேராசிரியர் அம்மா கேட்டார்: "இந்தப் பசங்களுக்கு யார் பாடம் எடுக்கறது?"

கங்கா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற நரசிம்மன் முந்திக்கொண்டார். "இவங்கதான். கங்கா. எங்க டிபார்ட்மெண்ட்!" அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் சொன்ன மிடுக்கில் தோளில் இருந்த துண்டு நழுவியது.

கங்காவுக்கு மார்க் ஷீட்டை முதன்முதலாக அப்பாவிடம் காட்டிய அன்றுகூட இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை. பையன் ஜெயித்துவிட்டான் என்பதால் வந்த பெருமையில்லை இது. தனக்குப் பிடித்த பொய்யைத் தானே தட்டிப் பார்த்து, உடைந்த பிறகும் ஓடாமல், அடுத்து என்ன கேட்கலாம் என்று நின்றானே, அதனால் வந்த பெருமை. இதை அவள் நடத்தினாள். அரிசி மில்லில், தவிட்டு வாசனையில் நடத்தினாள்.

மாலை வெயில் சாய்வதற்குள் லாரி பூந்தமல்லியைத் தாண்டியது. டிரைவர் பக்கத்தில் கங்காவை உட்கார வைத்துவிட்டு நரசிம்மன் பின்னால் ஏறிக்கொண்டார். பின்னாலிருந்து கோதண்டத்தின் குரல் காற்றையும் மீறி வந்தது. எல்லப்பன் சாகிற கட்டத்துப் பாட்டை முழுசாகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் சரோஜா ஆரம்பித்தாள்.

"நாடகம் எந்த மாசம் போட்டீங்க?"

"ஆகஸ்ட்லதான். கொடி ஏத்தின அன்னிக்கே."

"அன்னிக்கு மழை கொட்டுச்சு," என்றார் முனிரத்தினம். "நாம போட்டது பொங்கலுக்கு."

"உனுக்கு இன்னாய்யா தெரியும்? நடிச்சவன் நானு!"

"பெட்டி நனைஞ்சா எனக்குத்தான தெரியும்?"

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசாதீங்க," என்றாள் சரோஜா. "ரகு, நைனாவ அந்தப் பக்கம் தள்ளி உக்கார வையி. இவர நான் கேக்கறேன், அவர நீ கேளு. அப்புறம் ஒத்துப்போவுதான்னு பாக்கலாம்."

"நான் எழுதிக்கட்டுமா?" என்று நரசிம்மனின் குரல் கேட்டது.

கங்கா முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். டிரைவர் எதற்கென்று புரியாமல் அவளைப் பார்த்துவிட்டு, தானும் சிரித்துக்கொண்டே லாரியை விரட்டினார்.